தத்தாமி தரை: பத்து வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பாய் என்றதும் சுருட்டி மூலையில் சாத்தி வைக்கிற சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பானிய வீட்டில் தத்தாமிதான் தரையே. சுமார் 5.5 செ.மீ. கனம். உள்ளே நெருக்கித் தைத்த வைக்கோல், மேலே இகுசா என்ற கோரையில் நெய்த போர்வை, நீளவாக்கில் இரு பக்கமும் துணிக் கரை. வைக்கோல் அடைத்த பாய் ஒன்று 30 கிலோவைத் தொடும். இப்போது பரவலாகக் கிடைப்பதில் மரநார்ப் பலகையும் நுரை அட்டையும்தான் இருக்கும். தூக்க லேசு, ஆனால் உட்கார்ந்தால் அந்த மெத்தென்ற தன்மை இல்லை.

ஜப்பானில் அறையின் பரப்பைப் பாய்க் கணக்கில்தான் சொல்வார்கள். ஆனால் ‘ஆறு பாய் அறை’ என்ற விளம்பரத்தை நம்பி மரச்சாமான் வாங்கக் கூடாது. கியோட்டோ அளவுப் பாய் 191×95.5 செ.மீ.; அடுக்குமாடிக் குடியிருப்புப் பாய் 170×85. ஆறு பாய்க்கு இரண்டு சதுர மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும்.

முதல் மழைக்காலம்தான் பெரிய சோதனை. புதுக் கோரை ஈரத்தை நன்றாக இழுக்கும். ஜூன், ஜூலையில் அறையைப் பூட்டிப் போட்டால் பச்சையாகப் பூஞ்சை படியும். உடனே வாக்குவம் கிளீனரை ஓட்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். 80% எத்தனால் தெளித்து, காய்ந்ததும் பழைய பல்துலக்கியால் நெசவுக் கோட்டோடு தேய்த்துத் துடைத்தால் போதும். பிளீச் கூடவே கூடாது, நிறம் போய்விடும்.

ஃபூதோன் மெத்தையைத் தினமும் காலையில் மடித்து எடுத்தே ஆக வேண்டும். விரித்தபடியே விட்டால் உடம்பு வியர்வை அடியில் தங்கி, மெத்தையின் உருவத்திலேயே கறுப்புத் தடம் விழும். மேலே கம்பளம் விரிப்பதும் இதே வினைதான். கூடவே கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணியும் சேரும்.

பலர் கோட்டை விடுவது புரட்டிப் போடும் வேலையில். போர்வையை மட்டும் பிரித்து, மறுபக்கம் மேலே வரும்படி திருப்பித் தைப்பார்கள். 3 முதல் 5 வருடத்துக்குள் செய்தால் அடிப்பக்கம் புதுசு போலவே இருக்கும். ‘இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஏழு வருடம் தள்ளினால் கறையும் வெயிலும் மறுபக்கம்வரை ஊறியிருக்கும். அப்புறம் போர்வையையே மாற்ற வேண்டியதுதான். ஈரம் ஏறாமல் இருந்தால் போர்வைக்கு உள்ளே இருக்கிற பாகம் 15, 20 வருடம் தாங்கும்.

பாயைத் தூக்கும்முன் அடியில் எண் எழுதிக்கொள்ளவும். அறையின் கோணலுக்கேற்ப ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டியிருப்பார்கள். இடம் மாறினால் ஒரு பக்கம் இடைவெளி, மறுபக்கம் முட்டும். கரையோரம் தட்டையான திருப்புளியைச் செருகி நெம்பி, அடியில் ஒரு வெற்று டப்பா வைத்து அரை நாள் காற்றாட விடலாம்.

அலமாரிக் கால் பதிந்த பள்ளத்துக்கு, ஈரத்துணி போட்டு மேலே இஸ்திரிப்பெட்டியை வைத்தால் கோரை எழும்பிவிடும். துணிக் கரையில் சூடு படக் கூடாது. செயற்கை இழையாக இருந்தால் சுருங்கும்.