மண்டபம் கடலோரக் கோடை இசை நாடக முகாம்: பிள்ளைகளை அனுப்பலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், தென்கடல் ஓரமாக மே மாதம் நடக்கும் 12 நாள் தங்கல் முகாம் இது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை சேர்த்துக்கொள்கிறார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் நாடகத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கிக் கடைசி இரவு மேடையேற்றுகிறார்கள். 1918-இல் மதுரையில் சுவாமிகள் தொடங்கிய பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவில் பிள்ளைகளுக்குப் பாட்டும் வசனமும் வாயில் ஏறிய பிறகுதான் மேடை. இங்கேயும் அதே வரிசைதான். முதல் ஐந்து நாள் யாரும் உடையைத் தொடுவதில்லை.

முகாமின் பெரிய பலம் குரலைக் கையாளும் விதம். முதல் நாளே ஒவ்வொருவரையும் தனியாக ஆர்மோனியத்தோடு பாடவிட்டு, கீழே எந்த ஸ்வரம் வரை இறங்குகிறது, மேலே எங்கே தொண்டை இறுகுகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். வேஷம் பிரிப்பது அதன் பிறகே. மகரக்கட்டில், அதாவது குரல் உடையும் பருவத்தில் இருக்கும் பையனுக்கு நாரதர் வேஷம் கிடையாது. வசனம் மிகுந்த, வள்ளியின் தந்தை நம்பிராஜன் வேஷம்தான். அந்த வயதில் உச்சஸ்தாயியில் இழுத்துப் பாடவைத்தால் குரல் கெடும் என்பதால் இதில் பெற்றோர் சிபாரிசு எடுபடாது. சரியான முடிவு.

வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும் இடத்தில்தான் பல பயிற்சிகள் சறுக்கும். வள்ளியாக வரும் பெண்ணுக்கு 5 கட்டை (சுருதியின் அளவு) வசதி. நாரதராக வரும், குரல் உடைந்து முடிந்த பையனுக்கு ஒன்றரைக் கட்டை. ஆர்மோனியக்காரர் நொடியில் கட்டையை மாற்றிவிடுவார், மிருதங்கத்தால் முடியாது. ஒரே மிருதங்கத்தை வைத்து ஓட்டினால் ஒருவர் பாடும்போதாவது வலந்தலை (மிருதங்கத்தின் வலது முகம்) சுருதி விலகி ஒலிக்கும், பிள்ளையின் காதும் அதன் பின்னாலேயே போகும். இங்கே 22 அங்குல ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம் ஒன்று, 24 அங்குல தக்கு (தாழ்ந்த) சுருதி ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கிறார்கள். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும் என்பதால் ஒத்திகைக்கு அரை மணி முன்பே எடுத்து, கல்லும் புள்ளும் (சிறு மரக்கட்டை) வைத்துத் தட்டிச் சுருதி சேர்க்கிறார்கள். தொப்பிக்கு, அதாவது இடது முகத்துக்கு, ரவையைப் பிசைந்து ஒட்டுவதையும் பிள்ளைகளிடமே விடுகிறார்கள். ரவை கூடினால் 'தொம்' அடங்கிப்போகிறது என்பதைக் கையால் கற்றுக்கொள்கிறார்கள். எந்தப் பாட்டு வகுப்பிலும் இது கிடைக்காது.

தர்க்கப் பயிற்சியும் நன்று. எழுதிய வசனத்தை ஒப்பித்த பிறகு, எதிராளி புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றைப் போடுவார். தாளம் நிற்பதற்குள் பதில் வரவேண்டும். ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்திக்கும் ஸ்பெஷல் நாடக நடிகர்களின் உயிர்நாடியே இந்தப் பழக்கம்தான்.

குறைகள் உண்டு. மாலை ஒத்திகையை வெட்டவெளியில் வைக்கிறார்கள். மே மாதத்தில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஓங்கும்போது மைக்கில் வெறும் இரைச்சல்தான் கேட்கும். ஸ்பாஞ்சு உறைகூடப் போடவில்லை. தன் குரல் தனக்கே கேட்காத பிள்ளை கத்தும், மறுநாள் தொண்டை கட்டும். மேடையை கிழக்கு முகமாகத் திருப்பி, பின்னால் ஓலைத் தட்டி கட்டினாலே பாதி சரியாகிவிடும்.

அடுத்தது இரவுச் சாப்பாடு. விசைப்படகுத் தடைக்காலத்திலும் நாட்டுப்படகு மீன் வருகிறது, குழம்பும் ருசிதான். ஆனால் ஒன்பதரைக்குப் புளியும் காரமும் தூக்கலாகச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி, காலைப் பாட்டுச் சாதகத்தில் குரல் கரகரக்கும். ஏழரைக்கே சாப்பாடு போடச் சொல்லிப் பெற்றோர்கள் கேட்கவேண்டும்.

ஒப்பனைப் பாடம் சுமார். முகத்தில் பூசும் முத்துவெள்ளை என்ற வெள்ளைப் பொடிக்கு அடியில் தேங்காய் எண்ணெயை அள்ளிப் பூசுகிறார்கள். இந்தப் புழுக்கத்தில் முதல் காட்சியிலேயே வழிகிறது. மெல்லிய பூச்சு போதும், மேலே பவுடரை ஒற்றவேண்டும். குளிக்க உப்புத் தண்ணீர் என்பதால் சோப்பில் சாயம் சீக்கிரம் போகாது. முதலில் எண்ணெயால் துடைத்தெடுக்க ஒரு பழைய பருத்தித் துணியும், சோப்புக்குப் பதில் கடலை மாவும் கொடுத்தனுப்புங்கள். குடிக்கக் கேன் தண்ணீர் தருகிறார்கள்.

உடை வாடகை கட்டணத்தில் சேராது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டில் கொஞ்சமாவது காது உள்ள பிள்ளையைத் தாராளமாக அனுப்பலாம். சினிமாப் பாட்டுக்கு ஆடிவிட்டு வரும் எண்ணத்தோடு வருகிற பிள்ளைக்கு முதல் ஐந்து நாள் பெரும்பாடாக இருக்கும். அவர்களுக்கு வேறு இடம் பார்ப்பது நல்லது.