தோட்டப்புற அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு: தண்டுவட அழுத்தத்துக்கு நம்பிப் போகலாமா?

புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை நெரிப்பதுதான் இங்கே பேசும் தண்டுவட அழுத்தம். அதற்கு இங்கே போகலாம். ஆனால் முகப்பில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கும் இந்தச் சிறிய மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. இல்லை, நரம்பு அறுவை நிபுணரும் இல்லை. அதை நாங்கள் குறையாகச் சொல்லமாட்டோம். இங்கே நடக்கவேண்டியது மூன்றுதான்: நோயைச் சந்தேகிப்பது, முதல் மருந்தைப் போடுவது, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது. உள்ளே போய்விட்டால் மூன்றும் ஒழுங்காக நடக்கின்றன. கால் பலத்தை மூட்டு மூட்டாகப் பார்க்கிறார்கள். உடம்பில் எந்த மட்டத்துக்குக் கீழே உணர்வு மங்குகிறது என்று குத்திப் பார்த்துக் குறிக்கிறார்கள். சிறுநீர் கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் என்றும் ஸ்கேன் செய்கிறார்கள். சந்தேகம் வலுத்தால் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 16 மில்லிகிராம், கூடவே வயிற்றைக் காக்கும் மருந்து. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அடிக்கடி சோதனை. முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. 24 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். அனுப்பும் கடிதத்தில் அதைத் தெளிவாக எழுதுகிறார்கள்.

கோளாறு முகப்பில். "முதுகு வலிக்குது" என்றால் பச்சை மண்டலம், அதாவது அவசரமில்லாதவர்கள் வரிசை, நீண்ட காத்திருப்பு. குலை வெட்டுபவர், பால்மரம் சீவுபவர் என்றால் தசைப்பிடிப்பு என்றே முடிவு. ஊசி, இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு). எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும் ஆறுதல் இல்லை: எலும்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரிக்கப்பட்ட பிறகே அதில் தெரியும். மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய் கண்டவருக்குப் படுத்தால் கூடும் வலி, இருமினால் சுரீரென்று பாயும் வலி, இரவில் எழுப்பும் வலி வந்தால் அது வேறு கதை. சிறுநீர் அடைப்பு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதற்காகக் காத்திருக்கக் கூடாது. சிகிச்சை தொடங்கும்போது நடப்பவர் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார். கால் முற்றாக விழுந்தபின் மீள்வது அரிது.

ஆகவே முகப்பில் நோயை முதலில் சொல்லுங்கள்: "இவருக்குப் புற்றுநோய் இருந்தது, காகி லெமா, தாக் போலே கென்சிங்" (மலாயில்: கால் பலவீனம், சிறுநீர் கழிக்க முடியவில்லை). இவற்றில் இருப்பதை மட்டும் சொன்னால் போதும். அப்போது மண்டலம் மாறும்.

வரும் வழியில் உருட் (பாரம்பரிய மசாஜ்) போடவேண்டாம். அரித்த எலும்பு நொறுங்கும். நடை தள்ளாடினால் காரில் மடக்கி உட்கார வைக்காமல் 999 அழைத்து, நேராகப் படுக்கவைத்தே கொண்டுவாருங்கள். பழைய சிகிச்சை அட்டையும் எல்லா மருந்துகளும் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதையும் இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.