டாக்டர் ஹூ ‘மிட்நைட்’: வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தபின் ஒரு பகிர்வு

பயமுறுத்தும் எபிசோடுகள் பெரும்பாலும் ஒரே தடவைக்குத்தான். அரக்கன் எங்கிருந்து குதிக்கும் என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை வெறும் ஒப்பனையும் கிராபிக்ஸும்தான் கண்ணில் படும். பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரான டாக்டர் ஹூவில், 2008 ஜூன் 14 அன்று பிபிசி ஒன்னில் வந்த ‘மிட்நைட்’ அப்படியில்லை. இத்தனை வருடம் கழித்தும் வயிற்றைப் பிசைகிறது. காரணம், இதில் அரக்கன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. காதில்தான் விழுகிறது. ஆகவே இந்தப் பகிர்வில் பாதி, இதை எப்படிக் கேட்பது என்பதைப் பற்றியே இருக்கும். கதையை முழுசாக உடைத்துத்தான் எழுதுகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

2005-ல் மீண்டும் தொடங்கிய புதிய தொடரின் நான்காவது சீசனில் பத்தாவது எபிசோடு இது. எழுத்து ரஸ்ஸல் டி டேவிஸ், இயக்கம் அலிஸ் ட்ரௌட்டன். மிட்நைட் என்ற வைரக் கிரகத்தில் வெளியே தலைகாட்டினால் சூரிய ஒளியே ஆளைக் கொன்றுவிடும். க்ரூசேடர் 50 என்ற சுற்றுலா வண்டியில் டாக்டரும் (தொடரின் நாயகன், காலத்திலும் வெளியிலும் ஊர் சுற்றும் வேற்றுக்கிரகவாசி) ஏழெட்டுப் பேரும் நீலக்கல் அருவியைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். வண்டி நடுவழியில் நிற்கிறது. உயிரே இருக்க முடியாத இடத்தில் யாரோ வெளியிலிருந்து சுவரைத் தட்டுகிறார்கள். ஓட்டுநர் அறை பிய்ந்து போகிறது, விளக்கு அணைகிறது. திரும்ப வெளிச்சம் வரும்போது ஸ்கை சில்வெஸ்ட்ரி என்ற பயணி மூலையில் குந்தியிருக்கிறார். யார் என்ன பேசினாலும் அதையே திருப்பிச் சொல்கிறார். கதை அவ்வளவுதான், மிச்சம் முழுக்க அந்த ஒரே அறைக்குள் நடக்கிறது.

முதல் தடவை பார்ப்பவர்கள் தவறவிடுவது அந்தத் திருப்பிச் சொல்லுதலில் இருக்கும் படிகளை. ‘கூடவே பேசுகிறாள்’ என்று மொத்தமாக மனதில் பதிந்துவிடும். உண்மையில் நான்கு படி. முதலில் எல்லோர் பேச்சையும் ஒரு நொடி பிந்திச் சொல்கிறார். டாக்டர் சோதித்துப் பார்க்க, கணிதத்தில் வரும் பை (π) எண்ணின் வர்க்கமூலத்தை 30 தசம இடம் வரை ஒப்பிக்கிறார். அந்த எண் வரிசையையும் ஸ்கையின் குரல் விடாமல் ஒட்டிக்கொண்டே வருகிறது. அடுத்து, மாற்று மின்சாரம் வந்து விளக்கு எரிந்தபின், எல்லோருடனும் அதே கணத்தில் பேசுகிறார். மூன்றாவதாக மற்றவர்களை விட்டுவிட்டு டாக்டரை மட்டும் பிடித்துக்கொள்கிறார். இந்த மூன்றாம் படி சத்தமில்லாமல் நடந்துவிடும், ஆனால் கதை திரும்புவது இங்கேதான். ‘ஏன் உன்னை மட்டும்?’ என்று பயணிகள் டாக்டரைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். நான்காவதில் ஸ்கை முந்திக்கொள்கிறார்; டாக்டர் பின்னால் ஒப்பிக்கிறார். ஊரையே பேச்சால் மடக்கும் ஆளிடமிருந்து பேச்சே பறிபோகிறது.

இந்தப் படிகளைக் காதில் பிடிக்க, கருவி சரியாக இருக்க வேண்டும். போன் ஸ்பீக்கரில் பார்த்தால் இரண்டாம் படியில் எல்லாக் குரலும் ஒரே கூழாகிவிடும். இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிக்கொள்வது நல்லது. ஆளுக்கொரு இயர்பட் என்று பங்கு போட்டால் மெல்லிய குரல் மின்விசிறிச் சத்தத்திலேயே போய்விடும். டிவியிலோ சவுண்ட்பாரிலோ சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி, நைட் மோட் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கும். அப்படியானால் சுவரில் விழும் தட்டலும் பயணிகளின் முணுமுணுப்பும் ஒரே அளவில் கேட்கும், அந்த முதல் தட்டல் செத்துப்போகும். ப்ளூடூத்தில் உதடும் குரலும் கொஞ்சம் விலகினாலும் இங்கே பெரிய நஷ்டம். வேறு எபிசோடில் பொறுத்துக்கொள்ளலாம். இதில் யார் முந்தி, யார் பிந்தி என்பதுதான் கதையே. சந்தேகமிருந்தால் வயர் ஹெட்போன். 1.25 வேகத்தில் ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் இந்த 45 நிமிடத்துக்காவது அதை விட்டுவிட வேண்டும்.

அடுத்த சிக்கல் சப்டைட்டில். பிரிட்டிஷ் உச்சரிப்பு பழகாதவர்களுக்கு அது இல்லாமல் முதல் தடவை கடினம், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுத்து குரலுக்கு முன்பே திரையில் வந்து நின்றுவிடும். நான்காம் படியில் யார் முதலில் வாய் திறக்கிறார் என்று கண் பார்ப்பதற்குள் வரியைப் படித்து முடித்திருப்போம். நல்ல வழி, விளக்கு அணையும் காட்சி வரை சப்டைட்டிலோடு பார்த்து, அதன்பின் அணைத்துவிடுவது. ஸ்கை சொல்வது மற்றவர்கள் சொன்னதையே என்பதால் புரியாமல் போகிற வசனம் குறைவு.

தொடக்கத்தை ஓட்டிவிடாதீர்கள். பொழுதுபோக்குத் திரைகளை டாக்டர் தன் கைக்கருவியான சோனிக் ஸ்க்ரூடிரைவரால் அணைத்துவிட்டு எல்லோரையும் பேச வைக்கும் பகுதி சும்மா கலகலப்புக்காக வைத்ததில்லை. அவர்தான் அந்நியர்களை ஒரு கூட்டமாகச் சேர்க்கிறார். பிறகு அதே கூட்டம் சேர்ந்து அவரைக் கதவை நோக்கி இழுக்கிறது. பெயர் கேட்டால் ஜான் ஸ்மித் என்கிறார், யாரும் நம்புவதில்லை. ஆபத்தின் நடுவே அவர் முகத்தில் தெரியும் ஆர்வத்தையும் எல்லோரும் கவனிக்கிறார்கள். ‘நான் கெட்டிக்காரன்’ என்று அவர் வாய்விடும் இடத்தில் கதவு ஏறக்குறைய திறந்தேவிட்டது. இரண்டாம் பார்வையில் பயணிகளின் கோபம் அவ்வளவு அநியாயமாகத் தெரியவில்லை; அதுதான் இன்னும் கலக்குகிறது.

தட்டல் காட்சியையும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். உள்ளே எத்தனை முறை தட்டுகிறார்களோ வெளியிலிருந்து அத்தனை முறை பதில் வருகிறது. நகலெடுப்பது ஸ்கையின் வாயில் தொடங்கவில்லை, சுவரிலேயே தொடங்கிவிட்டது.

நடிப்பில் ஸ்கையாக வரும் லெஸ்லி ஷார்ப்புக்குத்தான் முதலிடம். எல்லோருடைய வசனத்தையும் அவர் பாடம் செய்ய வேண்டியிருந்தது. முதல் படியில் அவர் தலையைத் திருப்புவதை மட்டும் பாருங்கள்: கண் முதலில் போகும், தலை பிறகு வரும், இமை அசையாது. குரல் கிடைக்கக் கிடைக்க உடம்பும் ஆளாகிறது. நான்காம் படியில் தோள் தளர்ந்து மூச்சு விடுகிறார். அதே நேரம் டாக்டராக வரும் டேவிட் டென்னன்ட் மண்டியிட்டபடி இறுகிப்போகிறார், கண் மட்டும் உயிரோடு இருக்கிறது. ஒரு தடவை முழுக்க ஸ்கையையே பார்த்துவிட்டு, அடுத்த தடவை பணிப்பெண்ணாக வரும் ரேக்கி அயோலாவை மட்டும் தொடருங்கள். ஸ்கையை வெளியே தள்ளலாம் என்று முதலில் வாய் திறப்பவர் அவரே. டாக்டர் அடிக்கடி சொல்லும் சொற்கள் ஸ்கையின் வாயில் வருவதைக் கேட்டு, குரல் யாருடையது என்று கண்டுகொள்பவரும் அவரே. ஸ்கையைக் கட்டிக்கொண்டு தானும் வெளியே போகிறார். பிறகு டாக்டர் அவர் பெயர் என்ன என்று கேட்கிறார், ஒருவருக்கும் தெரியவில்லை. பயணிகளில் ஒருவரான பேராசிரியர் ஹாப்ஸாக வரும் டேவிட் ட்ரௌட்டன் கடைசி நேரத்தில் வேறு நடிகருக்குப் பதிலாக வந்தவர் என்பது பார்க்கையில் தெரியவே தெரியாது.

குறை இருக்கிறது. வெளிநிலப்பரப்பின் கிராபிக்ஸ் பழசாகிவிட்டது, பெரிய திரையில் பல்லிளிக்கும். பயணிகளான கேன் தம்பதியின் கத்தல் சில இடங்களில் ஒரே சுருதி. டாக்டரின் பயணத் தோழி டோனா (கேத்தரின் டேட்) தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வருகிறார். அடுத்த எபிசோடான ‘டர்ன் லெஃப்ட்’ முழுக்க கேத்தரின் டேட்டின் தோளில் இருந்ததால் அப்படி. ஆனால் இந்தக் குறை கதைக்கு உதவுகிறது. டோனா பக்கத்தில் இருந்திருந்தால் ‘இவர் நல்லவர்தான்’ என்று சொல்ல ஒரு வாய் இருந்திருக்கும்.

பிள்ளைகளோடு பார்ப்பவர்களுக்கு: ரத்தம் இல்லை. ஆனால் பெரியவர்கள் கூடிப் பேசி ஒருவரைக் கொல்ல முடிவெடுப்பது சின்னப் பிள்ளைகளை அரக்கனைவிட அதிகம் கலக்கும். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது என் கருத்து. பார்த்த மறுநாள் அவர்கள் நீங்கள் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்வார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

2025 ஏப்ரலில் வந்த ‘த வெல்’ இதே கிரகத்துக்கு நான்கு லட்சம் வருடம் கழித்துத் திரும்புகிறது. நல்ல எபிசோடுதான், ஆனால் அங்கே அந்த உயிரின் நிழல் கொஞ்சம் காட்டப்படுகிறது. அதை முதலில் பார்த்துவிட்டு ‘மிட்நைட்’டுக்கு வந்தால் சுவருக்கு வெளியே என்ன நிற்கிறது என்று மனம் தானே வரைந்துகொள்ளும். ‘மிட்நைட்’ முதலில், அடுத்து ‘டர்ன் லெஃப்ட்’, ‘த வெல்’லைச் சில வாரம் கழித்துப் பாருங்கள்.