சட்டைக் காலரில் ஏஐ பதிவுக் கருவி: நீண்ட நாள் அணிந்தால் தெரிவது

ப்ளாட் நோட்பின், ஓமி, பீ (Bee) என்று பெயர்கள் பல, வேலை ஒன்றுதான். பேச்சைக் கேட்டு, எழுத்தாக்கி, சுருக்கித் தரும். முதல் வாரம் பிரமிப்பாக இருக்கும். சில மாதங்களில் பதிவுகள் குவிந்து கிடக்கும், ஞாபகம் மட்டும் கூடியிருக்காது. அன்றன்று மாலை பத்து நிமிடம் திறந்து பார்ப்பவர்களுக்கே இது பயன் தருகிறது.

இதற்குப் பழைய ஆதாரமே உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் உருவாக்கிய சென்ஸ்கேம் என்ற கேமரா, கழுத்தில் தொங்கியபடி சுமார் 30 விநாடிக்கு ஒரு படம் எடுக்கும். 2007இல் வெளியான ஆய்வில், மூளை அழற்சியால் நினைவிழந்த ஒருவர் அந்தப் படங்களை இரண்டு நாளுக்கொரு முறை பார்த்துவந்தார். நடந்தவற்றில் சுமார் 80% அவர் நினைவுக்கு வந்தது. மாதங்கள் கழிந்தும் தங்கியது.

கருவியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், காலரில் மாட்டுங்கள். பட்டுச்சேலையும் துப்பட்டாவும் உரசினால் பேச்சு அமுங்கிவிடும். கழுத்துச் சங்கிலி தட்டும் சத்தமும் அப்படியே. ஃபேனுக்கு நேர் கீழே உட்காராதீர்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தக் கிளிப்பை மார்பில் மாட்டவே கூடாது. காந்தத்துக்கும் பேஸ்மேக்கருக்கும் குறைந்தது 15 செ.மீ. இடைவெளி வேண்டும்.

தமிழில்தான் பெரிய சிக்கல். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற ஏஐ மாடல்கள் வழக்கமாக முதல் 30 விநாடியை வைத்தே மொழியைத் தீர்மானிக்கின்றன. "குட் மார்னிங் சார்" என்று ஆரம்பித்தால், பின்னால் வரும் தமிழெல்லாம் அரைகுறை ஆங்கிலமாக வந்து நிற்கலாம். மொழியை நீங்களே தமிழ் என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் முதல் இரண்டு மூன்று வாக்கியங்களைத் தமிழில் பேசுங்கள். நீண்ட மௌனம் இருந்தால் யாரும் சொல்லாத வாக்கியத்தை மாடல் தானே எழுதிவிடுவதும் உண்டு. பேச்சுவழக்கில் "ஒம்பது", "அம்பது" இரண்டும் காதுக்கு நெருக்கம், தொகை புரண்டுவிடும். "நாளன்னைக்கு" என்று மட்டும் சொன்னால் சுருக்கத்தில் தேதி தவறலாம். எழுவாய் இல்லாமல் பேசுவது நம் வழக்கம். "சரி, கட்டிடறேன்" என்றது யார் என்று கருவி குழம்பும்.

இத்தனைக்கும் சேர்த்து ஒரு பழக்கம் போதும். பேச்சு முடியும்போது தீர்மானத்தை வாய்விட்டு ஒரு முறை சொல்லுங்கள்: "வெள்ளிக்கிழமை 14ஆம் தேதி, மோட்டார் ரிப்பேருக்கு ஐயாயிரம், முருகன் அண்ணன் தர்றார்." பெயர், கிழமை, தேதி, தொகை நான்கும் ஒரே வாக்கியத்தில். எதிரில் இருப்பவரும் அங்கேயே திருத்திவிடுவார். ஊர்ப் பெயர், உறவினர் பெயர், மாத்திரைப் பெயர்களைச் செயலியின் சொல்பட்டியலில் முன்பே சேர்த்துவைப்பதும் நல்ல பலன் தரும்.

மாலையில் பெயர்களைத் திருத்தி, செய்யவேண்டியதைக் காலண்டரில் அலாரத்தோடு ஏற்றுங்கள். இதைத் தவறவிட்டால் மீதியெல்லாம் வீண். நேற்று என்ன பேசினோம் என்பதைக் கருவி சொல்லும். இன்று நாலு மணிக்கு மாத்திரை என்பதற்கு மணி அடித்தே ஆகவேண்டும். டாக்டர் சொன்னதைப் பதிவது முதியவர்களுக்குப் பேருதவி. ஆனால் மருந்தின் அளவுக்கு டாக்டர் எழுதிய சீட்டு மட்டுமே ஆதாரம், சுருக்கத்தை நம்பாதீர்கள். டாக்டரானாலும் அக்கம்பக்கத்தவரானாலும், பதிகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

மாதம் 300 நிமிடம் தரும் இலவசத் திட்டம் நாளுக்குப் பத்து நிமிடம்தான். நாள் முழுக்க ஓடவிடாமல், தேவையான பேச்சை மட்டும் பதிவோருக்கு அது போதும். வியர்வை உப்பு சார்ஜ் முனைகளில் படிந்து கறுக்கும். வாரம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

சட்டையில் மாட்டும் கருவியாக 699 டாலருக்கு விற்ற ஹியூமேன் ஏஐ பின் 2025 பிப்ரவரி 28இல் சேவையை நிறுத்தியது. சர்வரில் இருந்த பயனர் தரவும் அழிக்கப்பட்டது. பீ நிறுவனத்தை அதே ஆண்டு அமேசான் வாங்கியது. ஆகவே வாங்குமுன் ஒன்றைச் சோதியுங்கள்: எழுத்தாக்கத்தைச் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? முடியாவிட்டால் வாங்கவேண்டாம். முடிந்தால் மாதக் கடைசியில் எல்லாவற்றையும் இறக்கி, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் பெயரிட்டு உங்கள் கணினியில் வையுங்கள்.