பெரிய பஃபரா, சின்ன பஃபரா, இல்ல கேக்குங்கிற (CAKE) ரவுட்டர் மென்பொருளா? நெரிசலான லைனுக்கு எது சரி

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல இருக்கிற கேம்பல் லேன் தீபாவளி சந்தையில அக்கா போட்ட சேலைக்கடைக்கு 4ஜி ரவுட்டர் செட் பண்ணிக் குடுத்தது நான்தான், சாயங்காலம் கூட்டம் ஏற ஏற சிசிடிவி ஒரு பக்கம் அப்லோட் ஆகுது, அக்கா மகன் லைவ்ல சேலையை விரிச்சுக் காட்டிட்டு இருக்கான், கார்டு மெஷின் மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது. "மாமா, சிக்னல் ஃபுல்லாத்தானே இருக்கு"ங்கிறான். பிங் அடிச்சா, அதாவது ஒரு குட்டி பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம்னு பாத்தா, ஆயிரம் மில்லிசெகண்டைத் தாண்டுது.

காரணம் பெரிய பஃபர், அதாவது டேட்டா துண்டுகளை (பாக்கெட்) அனுப்புற வரைக்கும் ரவுட்டர் வரிசையில நிறுத்தி வைக்கிற இடம். 1000 பாக்கெட், ஒவ்வொண்ணும் 1500 பைட்னா 12 மெகாபிட். அப்லோட் 10 எம்பிபிஎஸ்னா அந்த வரிசை கரைய 1.2 செகண்ட் ஆகும், கார்டு மெஷினோட குட்டி பாக்கெட்டும் அதுக்குப் பின்னாலதான் நிக்கணும். இதே பஃபர் வீட்டு 1 ஜிபிபிஎஸ் ஃபைபர்ல வெறும் 12 மில்லிசெகண்ட். அதனால பஃபரை எம்பியில பாக்காதீங்க, நேரமா பாருங்க.

சரின்னு 20 பாக்கெட்டா குறைச்சா தாமதம் 24 மில்லிசெகண்டுக்கு வந்துரும், ஆனா தூரத்து சர்வருக்குப் போற அப்லோட் அடிக்கடி டிராப் வாங்கி நொண்டும். போய்த் திரும்ப 100 மில்லிசெகண்ட் ஆகுற தூரத்துக்கு இந்த லைன் நிறைய சுமார் 83 பாக்கெட் வேணும். ஆயிரக்கணக்கான கனெக்‌ஷன் ஓடுற பெரிய கம்பெனி லிங்க்ல கதை வேற, அங்க பஃபரை நிறையவே குறைக்கலாம்.

என் ஓட்டு மூணாவதான கேக்குக்குத்தான். 2012-ல கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கொண்டுவந்த கோடெல் (CoDel) முறை, வரிசை எவ்வளவு நீளம்னு பாக்காது, பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருக்குன்னு பாக்கும், 100 மில்லிசெகண்ட் முழுக்க அந்தக் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்கு மேலயே நின்னா டிராப் பண்ண ஆரம்பிச்சுரும். அதையே வளர்த்து, ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி வரிசை குடுக்குறதுதான் கேக், லினக்ஸ் 4.19-லேர்ந்து உள்ளயே இருக்கு. ஒண்ணு மறந்துராதீங்க, கேக்குல ஸ்பீடை லைனோட ஸ்பீடை விடக் கொஞ்சம் கம்மியா கட்டணும், இல்லாட்டி வரிசை மோடத்துலயே சேர்ந்துரும். 4ஜி ஏறி இறங்குறதால நான் 8 எம்பிபிஎஸ்னு வச்சேன். அப்லோட்ல கொஞ்சம் போச்சு, ஆனா கார்டு மெஷின் நிக்கல, எனக்கு அதுதான் முக்கியம்.

பாக்கெட் சைஸுக்கு ரொம்ப மெனக்கெட வேணாம். 9000 பைட் ஜம்போ பாக்கெட் ஆபீஸ் ஸ்டோரேஜுக்கு நல்லது, நடுவுல ஒரு ஸ்விட்ச் ஒத்துக்கலேன்னாலும் பெரிய ஃபைல் மட்டும் சத்தமில்லாம தொங்கும். இன்டர்நெட்டுக்கு 1500, பிபிபிஓஇ-ன்னா (சில பிராட்பேண்ட் லைன்ல யூசர்நேம், பாஸ்வேர்டு குடுத்து சேர்ற முறை) வழக்கமா 1492. சந்தேகமா இருந்தா பாக்கெட்டை உடைக்காதேன்னு சொல்ற டிஎஃப் கொடியைப் போட்டு 1472 பைட்ல பிங் அடிங்க, போகலேன்னா கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, போற நம்பரோட தலைப்புக்கான 28 பைட்டைக் கூட்டுங்க, அதுதான் உங்க எம்டியூ, அதாவது உடையாம போகக்கூடிய பெரிய பாக்கெட் சைஸ்.