பிலிப்பைன்ஸ் பிஎஸ் (அறிவியல் இளங்கலைப் பட்டம்) என்பது டாக்டர் படிப்பின் முதல் வருஷம் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

என் தங்கச்சிக்கு நடந்தது இது. ஏஜென்சியின் பெயரையும் அந்தக் கல்லூரியின் பெயரையும் போடவில்லை. வழக்கு நடக்கிறது, வக்கீல் வேண்டாம் என்கிறார்.

2022 நீட்டில் அவளுக்கு 241. தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியாச்சு, ஆனால் அதை வைத்துக்கொண்டு இங்கே அரசுக் கல்லூரிப் பக்கமே போக முடியாது, தனியாரில் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கேட்கிற தொகைக்கு எங்கப்பா காட்டையே விற்றாலும் பத்தாது. நாங்கள் கோபிப் பக்கம், மஞ்சளும் நெல்லும்தான். செப்டம்பரில் ரிசல்ட் வந்த மறுநாள் காலையிலிருந்தே போன்கள். எங்கள் நம்பர் அவர்களுக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது.

கோயம்புத்தூரில் ஒரு மாடியில் ஆபீஸ். சுவர் பூரா வெள்ளைக் கோட் போட்ட பிள்ளைகளின் படம். பிலிப்பைன்ஸில் ஒன்றரை வருஷம் பிஎஸ், அப்புறம் நாலு வருஷம் எம்டி (அங்கே டாக்டர் ஆவதற்கான பட்டத்துக்கே அதுதான் பெயர், நம்மூர் மேற்படிப்பு எம்டி இல்லை), ஆக மொத்தம் ஐந்தரை வருஷம், இங்கே எம்பிபிஎஸ் எப்படியோ அங்கேயும் அப்படியே, "என்எம்சி அப்ரூவ்டு காலேஜுங்க ஐயா" என்று அங்கே இருந்த ஏஜென்சிக்காரர் அப்பாவிடம் சொன்னார். என்எம்சி என்றால் நம்முடைய தேசிய மருத்துவ ஆணையம். நான் கொஞ்சம் பேப்பர் படிக்கிற ஆள் என்பதால், ஏதோ 54 மாதம் என்று புது விதி வந்திருக்கிறதாமே என்று கேட்டேன். அவர் அசரவே இல்லை. பிரசுரத்தைத் திருப்பிப் போட்டு, பச்சைப் பேனாவால் 18 + 48 = 66 என்று எழுதி, 66-ஐச் சுற்றி வட்டம் போட்டார். "கேக்கறது 54 தானுங்க தம்பி, நம்மகிட்ட 12 மாசம் மிச்சமே இருக்கு." அப்பா என்னைப் பார்த்து, கேட்டுட்டியா என்கிற மாதிரி சிரித்தார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அந்த ஒரு கணக்கில்தான் மொத்தமும் போனது. அங்கே அமெரிக்கா மாதிரி முறை. முதலில் ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டம், அதன் பிறகு நுழைவுத் தேர்வு, அதில் தேறினால்தான் மருத்துவக் கல்லூரி. அந்த ஊர்ப் பிள்ளைகள் நாலு வருஷம் டிகிரி முடித்துவிட்டுத்தான் எம்டிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அது சரியான வழிதான், அந்த நாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம்முடைய தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று வெளியிட்ட விதிமுறையில் கேட்பது, மருத்துவப் பட்டத்துக்கான படிப்பு மட்டுமே குறைந்தது 54 மாதம், அதற்கு மேல் அதே கல்லூரியில் 12 மாதம் இன்டர்ன்ஷிப். பிஎஸ் தனிப் பட்டம், அதனால் அந்த 18 கணக்கில் சேராது. மிஞ்சுவது 48. சுவரில் இருந்த படங்கள் பொய்யில்லை, ஆனால் அவர்கள் எல்லாம் அந்தத் தேதிக்கு முன்னால் சேர்ந்தவர்கள், அவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அந்த 'என்எம்சி அப்ரூவ்டு' இருக்கிறதே, அதுவும் கதைதான். எந்த வெளிநாட்டுக் கல்லூரியையும் நாங்கள் அங்கீகரித்துப் பட்டியல் போடுவதில்லை என்று ஆணையமே அறிவித்திருக்கிறது.

சீட் பிளாக் பண்ண ஒன்றேகால் லட்சம், அப்புறம் மூன்றரை லட்சம், இரண்டும் ரொக்கமாக ஏஜென்சிக்கு. கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல், விமான டிக்கெட் எல்லாம் தனி. அம்மாவின் நகை கூட்டுறவு வங்கிக்குப் போனது. அப்பா இருப்பு வைத்திருந்த மஞ்சளைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார், அடுத்த வருஷமே மஞ்சள் விலை எங்கேயோ போனது, அதை வீட்டில் யாரும் பேசுவதில்லை.

2023 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் டாவோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். தமிழ்நாட்டுச் சாப்பாடு போடுகிற மெஸ்கூட இருந்தது. ஒரு நாள் ராத்திரி போனில், "அண்ணா, நாளைக்கு ரிசால் பரீட்சை, படிக்கணும்" என்றாள். அது எந்த எலும்பு என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அது எலும்பு இல்லை, இந்த ஊர் தேசத் தலைவர், அவர் வாழ்க்கையையும் எழுத்தையும் ஒரு பாடமாகப் படிக்கணும் என்றாள். அங்கே 1956-இல் போட்ட சட்டப்படி கல்லூரிகளில் அது கட்டாயப் பாடமாம். ரிசாலும் கண் மருத்துவர்தான், அந்த அளவில்தான் என் தங்கச்சியின் பாடத்திட்டத்தில் மருத்துவம் இருந்தது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவளுடைய சேர்க்கைக் கடிதத்தை எடுத்துப் பார்த்தது அதற்கும் பல மாதம் கழித்துத்தான். பேச்சலர் ஆஃப் சயின்ஸ் இன் பயாலஜி என்று இருந்தது. எம்டி என்ற இரண்டு எழுத்து ஒரு பக்கத்திலும் இல்லை.

என்மேட் என்று ஒரு நுழைவுத் தேர்வு இருப்பதே அங்கே போன பிறகுதான் தெரியும். எம்டியில் சேர அதில் குறைந்தது 40 பெர்சென்டைல் வேண்டும், பல கல்லூரிகள் அதற்கு மேலும் கேட்கும். நூற்றுக்கு நாற்பது மார்க் என்று நினைத்துவிடாதீர்கள், எழுதியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேரையாவது பின்னால் தள்ள வேண்டும் என்று அர்த்தம். இயற்பியல், வேதியியல், உயிரியல் தவிர சமூக அறிவியலும் உண்டு. ஏஜென்சியைக் கேட்டால் "அது ஃபார்மாலிட்டிங்க" என்றார்கள். 2023 கடைசியில் எழுதினாள், 38 வந்தது. இரண்டு போச்சே என்று அழுதவளை, மறுபடி எழுதலாம் பாப்பா, அதற்குக் கோச்சிங் கட்டணம் இவ்வளவு என்று சமாதானப்படுத்தினார்கள்.

நல்லவேளை அந்தக் கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சீனியர், சேலத்துப் பையன், அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னான். நீ 90 வாங்கினாலும் உனக்குக் கிடைக்கப்போவது 48 மாதப் படிப்புதான், அதை வைத்து இந்தியா வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வில் 300-க்கு 150 வாங்குவது அப்புறம், முதலில் அந்தத் தேர்வுக்கு உள்ளேயே விடமாட்டார்கள் என்றான். அன்று ராத்திரி அரசிதழில் வந்த விதிமுறையை இறக்கி வரிவரியாகப் படித்தேன். சில பக்கம்தான். 2022-இலேயே படித்திருக்கலாம், யாரும் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை.

ஏஜென்சிக்குப் போனால் முதலில் விதி மாறப்போகிறது என்றார்கள். இரண்டாவது முறை, ஜார்ஜியாவுக்கு 'டிரான்ஸ்ஃபர்' போட்டுத் தருகிறோம், இன்னும் இரண்டு லட்சம் ஆகும் என்றார்கள். டிரான்ஸ்ஃபரும் இல்லை ஒன்றும் இல்லை, முதல் வருஷத்திலிருந்து புதிதாகச் சேர்வதுதான் அது, படிப்பு முழுக்க ஒரே கல்லூரியில்தான் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறையில் இருக்கிறது. மூன்றாவது முறை பச்சைப் பேனாக்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பதில். ரசீதை நீட்டினேன். "வழிகாட்டல் மற்றும் விசா சேவைக் கட்டணம்" என்று போட்டிருக்கிறது பாருங்க, வழி காட்டினோம், விசா வாங்கினோம், சேவை முடிந்தது என்றார் புது ஆள். அந்த நிதானம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

2024 ஏப்ரலில் தங்கச்சி திரும்பி வந்தாள். இப்போது ஈரோட்டில் பிஎஸ்சி கார்டியாக் டெக்னாலஜி படிக்கிறாள், பிளஸ் டூ மார்க்கிலேயே கிடைத்தது. அங்கிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கோட் பீரோவில் கவர் பிரிக்காமல் கிடக்கிறது. அளவு சரிதான், போடமாட்டேன் என்று புதிதாக ஒன்று தைத்துக்கொண்டாள்.

யாராவது உங்களிடம் மாதக் கணக்கைக் கூட்டிக் காட்டினால், அதில் மருத்துவப் பட்டத்துக்கு மட்டும் எத்தனை மாதம், இன்டர்ன்ஷிப் எங்கே, படித்து முடித்தவனுக்கு அந்த நாட்டிலேயே அந்த ஊர்க்காரனுக்கு நிகராகப் பதிவு கொடுப்பார்களா என்று கேட்டு, பதிலைக் கல்லூரியின் லெட்டர்பேடில் வாங்குங்கள். ஏஜென்சியின் லெட்டர்பேட் உதவாது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் என் பதிவையும் நம்பிவிடாமல் ஆணையத்தின் தளத்தில் நீங்களே ஒருமுறை பாருங்கள். ரொக்கமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நாங்கள் அங்கேதான் போட்டிருக்கிறோம். பச்சை மையில் வட்டம் போட்ட பிரசுரம்தான் முதல் ஆவணம், நல்லவேளை அப்பா அதைக் கணக்கு நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். 2022, 2023-இல் போனவர்கள் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். சேர்வதற்கு முன் எங்களுக்கு அனுப்பியது 41 இருக்கிறது, எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தேன், ஒன்றில்கூட என்மேட் என்ற சொல் இல்லை.