பார்க்கின்சன் ஆராய்ச்சிப் பணம்: பழைய மருந்துக்கா, புது சிகிச்சைக்கா?

வேறு நோய்க்கான பழைய மருந்தை, நடுக்கமும் விறைப்பும் தரும் மூளை நோயான பார்க்கின்சனுக்குச் சோதித்தால் செலவு குறைவு, பக்கவிளைவுகளும் பெரும்பாலும் தெரிந்தவை. ஃப்ளூவுக்காக அமான்டடின் மாத்திரை சாப்பிட்ட, பார்க்கின்சன் இருந்த ஒரு பெண்ணுக்கு நடுக்கமும் விறைப்பும் தணிந்து, மாத்திரையை நிறுத்தியதும் திரும்பி வந்தன. அதைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் ஆய்வு 1969-இல் வெளியானது. எல்லா முறையும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது: சர்க்கரை மருந்தான எக்சனடைட் சின்ன சோதனையில் ஆசை காட்டிவிட்டு, 194 பேரை 96 வாரம் கவனித்த பெரிய சோதனையில் கையை விரித்துவிட்டது.

புது சிகிச்சையோ பணத்தை விழுங்கும். ஸ்டெம் செல்லிலிருந்து (வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூல செல்) வளர்த்த நியூரான்களை, அதாவது நரம்புச் செல்களை, மூளையில் வைத்த ஒரு சோதனையின் முடிவு 2025-இல் வந்தது. அதில் 12 பேர்தான், அதுவும் முதன்மையாகப் பாதுகாப்பைப் பார்க்கத்தான்.

சரி, சின்னத் தொகை என்றால் நான் பழைய மருந்துக்கே கொடுப்பேன், ஏனென்றால் காப்புரிமை முடிந்த மாத்திரையில் கம்பெனிகளுக்கு அவ்வளவாக அக்கறை இருக்காது.